தப்பா, தவறா, பிழையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் தாளைப் படித்துப் பிழை திருத்துவது, என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கடை பில் புத்தகம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். பிழையைத் தேடியே சாப்பிடுகிறவன் என்பதால், பிழையைப் பற்றிய சந்தேகங்களும் என்னிடமே வருகின்றன. கல்லாப் பக்கம் நின்று பலர் கேட்டவற்றையும், போனில் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

தப்பு, தவறு, பிழை மூன்றும் ஒன்றுதானே?

அகராதியில் ஒன்றுதான். வாயில் ஒன்றில்லை.

சில வருஷம் முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையில் தேதி சரியாக விழுந்தது, கிழமை மாறிவிட்டது. 600 பத்திரிகை அடித்து, மடித்து, கட்டிக் கொடுத்தாகிவிட்டது. முதலில் பார்த்தவர் பெண்ணின் தாய்மாமன். கல்லாவுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "தப்பு யார் மேல?" நான் மெதுவாக, "அச்சுப்பிழைங்க..." என்று இழுத்தேன். "அச்சுக்கு என்ன தம்பி தெரியும்?" என்றார். முதலாளி மெய்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது. "தப்பு எங்க மேலதாங்க, சாயங்காலத்துக்குள்ள மாத்தி அடிச்சுத் தர்றோம்" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்குப் புரிந்த வித்தியாசத்தைத்தான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்கிறேன். 'தப்பு யார் மேல?' என்று கேட்கலாம். 'பிழை யார் மேல?' என்று யாரும் கேட்பதில்லை. பிழை ஒரு பொருளில் இருக்கும்: எழுத்தில், கணக்கில், அச்சில். தப்பு ஓர் ஆள் மேல் வந்து உட்காரும். தவறு இரண்டு பக்கமும் போய் வரும்: 'கணக்கில் தவறு' என்றும் சொல்லலாம், 'தவறு என்னுடையது' என்றும் சொல்லலாம். அதனால்தான் செய்தித்தாளுக்கும் மேடைக்கும் தவறு வசதி, வீட்டுக்கும் தெருவுக்கும் தப்பு, பள்ளிக்கூடத்துக்கும் அச்சகத்துக்கும் பிழை. நான் பிழை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், தாய்மாமன் விடவில்லை.

தப்பு என்றால் அடிப்படையில் என்ன பொருள்?

விட்டுப்போவது, விலகிப்போவது. கெட்டது என்ற பொருள் பிறகு ஏறியது.

மார்கழியில் அம்மா சிக்குக் கோலம் போடும்போது பார்த்திருக்கிறேன். புள்ளிகளை வைத்துவிட்டு, இழையை ஓர் இடத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, கையை எடுக்காமல் கொண்டுபோய், ஆரம்பித்த இடத்திலேயே முடிக்க வேண்டும். எங்கோ ஒரு புள்ளி விட்டுப்போனால் அங்கே ஒன்றும் தெரியாது. பத்துப் புள்ளி தள்ளி, இழை போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். அம்மா மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்தபடியே கண்ணால் பின்னோக்கிப் போய், "தோ, இங்க ஒரு புள்ளி தப்பிப்போச்சு" என்று விரலை வைப்பாள். ஈரத்துணியால் அந்த மூலையை மட்டும் துடைத்துவிட்டுத் தொடருவாள். அந்தத் 'தப்பிப்போச்சு'தான் இந்தச் சொல்லின் வேர்ப்பொருள். அதில் யாருக்கும் திட்டு கிடையாது.

வயல்காட்டிலும் அப்படியே. 'பருவம் தப்பிய மழை' என்கிறோம். மழை என்ன பாவம் செய்தது? வர வேண்டிய நேரத்தை விட்டு வேறு நேரத்தில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் சம்பா அறுப்புக்கு நிற்கும் தை மாதத்தில் அது வந்தால், கதிர் சாய்ந்து, நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, கொள்முதல் நிலையத்து வாசலில் காயவைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மேட்டூர் அணை திறப்புக்கு ஜூன் 12 என்று ஒரு நாள் வைத்திருக்கிறோம். 2024-ல் தண்ணீர் இல்லாமல் அது தப்பி, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர்களுக்கு அந்த வருஷம் குறுவையும் தப்பியது. 'பட்டம் தவறினால் நட்டம்' என்று இங்கே சொல்வது இதைத்தான்.

பாட்டுக் கச்சேரியிலும் கேட்கலாம்: தாளம் தப்பியது, அடி தப்பியது. திருவையாறு பக்கத்து ரசிகர்கள் அதைச் சொல்லக்கூட மாட்டார்கள், தொடையில் போட்டுக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றுவிடும்.

அப்படியானால் 'தப்பித்தான்' என்றால் ஏன் நல்ல பொருள் வருகிறது?

ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கத்திலிருந்து பாருங்கள். வேடனுக்குக் குறி தப்பியது, மானுக்கு உயிர் தப்பியது. அம்பு ஒன்றுதான்.

இதைவிட வேடிக்கை பிழை. பிழை என்றால் குற்றம் குறை, பிழைப்பு என்றால் ஜீவனம். 'எழுத்துப் பிழைத்தது' என்றால் கெட்டுப்போனது. 'ஆள் பிழைத்துக்கொண்டான்' என்றால் உயிரோடு இருக்கிறான். இரண்டையும் சேர்த்து 'தப்பிச்சோம் பிழைச்சோம்னு ஓடி வந்தோம்' என்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பக்கத்துக்காரர்கள் வாயில் இந்த வாக்கியம் தானாக வரும். குற்றத்துக்கு வைத்திருக்கும் இரண்டு சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, உயிர் மிஞ்சிய கதையைச் சொல்கிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கே ஒரு மெய்ப்பில் அதைப் படிக்கும்போதுதான் தோன்றியது.

தப்பு தமிழ்ச் சொல்தானா? தெலுங்கு என்கிறார்களே?

தெலுங்கிலும் தப்பு, கன்னடத்திலும் தப்பு. ஒரே குடும்பத்து மொழிகளில் பொதுவாக இருக்கும் சொல். தஞ்சாவூரை நாயக்கர்கள் ஆண்டதால் இங்கே தெலுங்குப் பேச்சு நிறைய கலந்தது உண்மை, மெலட்டூரில் இன்றும் தெலுங்கில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் ஆடுகிறார்கள். அதற்காகத் தப்பை அவர்கள் கணக்கில் எழுத வேண்டாம். தப்பு கொச்சை, தவறுதான் நல்ல தமிழ் என்று சிலர் நினைப்பதும் தேவையில்லாத கூச்சம்.

'தவறிட்டார்' என்று ஊரில் சொல்கிறார்களே?

இறந்துவிட்டார் என்று பொருள். 'செத்துட்டார்' என்று வாய் கூசாமல் சொல்ல முடியாத இடத்தில், குறிப்பாகப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது, 'தவறிட்டாங்க', 'தவறிப்போயிட்டாங்க' என்பார்கள்.

எங்கள் அப்பாயி போன அன்று காலையில் சென்னையில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறாள். "அப்பாயி தவறிட்டாங்கக்கா" என்றேன். அந்தப் பக்கம் அக்காவின் சத்தமே இல்லை. ஆறு வயசுப் பிள்ளை குரல் மட்டும் கேட்டது: "மாமா, எந்த பஸ் ஸ்டாண்ட்ல? போலீஸ்ல சொல்லுங்க." பிள்ளைக்குத் தெரிந்த தவறுவது அதுதான், கூட்டத்தில் காணாமல் போவது. நான் என்ன பதில் சொல்ல? அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

அஞ்சலிச் சுவரொட்டியில் இந்தச் சொல்லைப் போடுவதில்லை. அங்கே 'காலமானார்', 'இயற்கை எய்தினார்', 'சிவலோகப் பதவி அடைந்தார்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். தவறுவது பேச்சில் மட்டும்.

'தவறை' சரியா, 'தவற்றை' சரியா?

தவற்றை. தவற்றுக்கான சொல்லையே தவறாக எழுதுகிறோம், நான் தினமும் திருத்துகிற பிழை இது. கிணறு கிணற்றை ஆகிறது, வயிறு வயிற்றை ஆகிறது. 'கிணறில் விழுந்தான்' என்று எழுதுவீர்களா? தவறும் அதே வரிசையில் நிற்கிற சொல்: தவற்றை, தவற்றால், தவற்றுக்கு, தவற்றில்.

ஆனால் தவறாமல், தவறிய, தவறான என்பவற்றில் 'ற்' இரட்டிக்காது. அங்கே வேற்றுமை உருபு கிடையாது. பேச்சில் 'தவறை' என்றால் நான் காதை மூடிக்கொள்வதில்லை. அச்சுக்கு வந்தால் விடமாட்டேன்.

யாரிடமாவது தப்பை ஒத்துக்கொள்ள எப்படிச் சொல்வது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தப்பு என்ற சொல்லுக்குத் தனியாக எடை கிடையாது. பின்னால் வரும் வினைதான் எடை போடுகிறது.

எங்கள் நிலம் அரசலாற்றுப் பாசனம். தண்ணீர் குறைவான வருஷங்களில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். ஒரு ராத்திரி எங்கள் முறை. அப்பாவும் நானும் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போனால், வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மேலே நடந்து போனோம். பக்கத்து வயல்காரர், எனக்குச் சித்தப்பா முறை, அவர் மடை திறந்தே கிடக்கிறது. அவர் வரப்பில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். அப்பா டார்ச்சை முகத்தில் அடித்தார். சித்தப்பா எழுந்து உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து, மடையைப் பார்த்து, "முறை தப்பிப்போச்சுண்ணே, கண்ணசந்துட்டேன்" என்றார். எழுந்துபோய் அவரே மடையை அடைத்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பீடி ஒன்று கேட்டு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டார்.

'முறையை மீறிட்டேன்' என்று அவர் சொல்லியிருந்தால் வழக்காகியிருக்கும். 'தப்பிப்போச்சு' என்றதில் முறைதான் நழுவியது, அவர் வெறும் சாட்சி. 'தப்பு நடந்துபோச்சு' என்றால் கொஞ்சம் கிட்டே வருகிறார், ஆனாலும் நடந்ததுதான், நடத்தவில்லை. 'தப்பு பண்ணிட்டேன்' என்றால் முழுசாகத் தலையில் ஏற்றுக்கொள்கிறார். 'தப்பு என் மேலதான்' அதைவிடக் கனம், அதற்கு மேல் எதிராளி பேச இடமே இல்லை. எங்கள் முதலாளி தாய்மாமனிடம் அதைத்தான் சொன்னார்.

'மன்னிச்சிடுங்க' என்பது ஊரில் அவ்வளவாக வராது, நாடகத்தனமாக இருக்கும். 'கோவிச்சுக்காதீங்க', 'மனசுல வச்சுக்காதீங்க' என்பார்கள். இப்போது 'சாரி' எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. கால் இடறியதற்கும் சாரி, கடன் திருப்பாததற்கும் சாரி.

'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று ஆரம்பித்தால் பயமாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். பின்னால் ஒன்று கடன் கேட்பார்கள், அல்லது உங்களைப் பற்றி உண்மையைச் சொல்வார்கள். இதில் 'தப்பா' என்றால் பொய்யாக நினைப்பது இல்லை, என் மனசை வேறுவிதமாக எடுத்துக்கொள்வது. இரண்டு வீட்டுக்கு நடுவே பத்திரிகை வைக்கப் போகும்போது, "கடைசியா வந்துட்டோம்னு தப்பா எடுத்துக்காதீங்க அத்தாச்சி" என்று சொல்லாமல் தாம்பூலத் தட்டை நீட்ட முடியாது.

ஒருவரைப் பற்றி 'தப்பு பண்ணிட்டாங்க' என்று சொல்வதில் கவனிக்க வேண்டியது?

உண்டு. 'அவன் தப்பு பண்ணிட்டான்' என்றால் கேட்பவர் "என்ன பண்ணினான்?" என்பார். 'அவள் தப்பு பண்ணிட்டாள்' என்றால் கேட்பதே இல்லை, தானே ஒன்றை முடிவுகட்டிக்கொள்வார். கணக்கில் நூறு ரூபாய் விட்டிருப்பாள் பாவம். சொல்லில் இந்தக் கோணல் இருக்கும்வரை, ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது என்ன தப்பு என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

'தப்பு தப்பு' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது ஏன்?

சாமி முன்னால் வாய்தவறி ஏதாவது சொன்னால், புத்தகத்தில் கால் பட்டால், தானே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் சின்ன தண்டனை. கன்னத்தில் இரண்டு, வாயில் இரண்டு 'தப்பு'. 'தப்பு தப்பாக' என்பதோடு இதைக் குழப்ப வேண்டாம், அது 'ஏகப்பட்ட பிழையோடு' என்று பொருள்.

இதையே பெரிய அளவில் செய்தவர் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பட்டினத்தார். 'கல்லாப் பிழையும் கருதாப் பிழையும்' என்று தொடங்கி, நில்லாப் பிழை, நினையாப் பிழை, சொல்லாப் பிழை, துதியாப் பிழை, தொழாப் பிழை என்று அடுக்கி, எல்லாப் பிழையும் பொறுக்கச் சொல்லிக் காஞ்சி ஏகம்பரிடம் கேட்கிறார். அந்தப் பட்டியலை மெய்ப்புப் பார்க்கிறவன் கண்ணோடு பாருங்கள். திருடினேன், பொய் சொன்னேன் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே செய்யாமல் விட்டவை. அம்மாவின் கோலத்தில் விட்டுப்போன புள்ளி மாதிரி.

குற்றம் என்பதும் இதே பொருள்தானே?

கிட்டத்தட்ட. ஆனால் குற்றம் என்றால் சட்டப் புத்தகத்தின் வாசனை வந்துவிடும். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாலும், தமிழில் அவை பேசுவது குற்றம், குற்றவாளி என்றுதான். தப்பு செய்தவன் வீட்டுக்குத் திரும்பி வரலாம், குற்றவாளிக்கு வழக்கறிஞர் வேண்டும். 'குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை' என்பதில் உள்ள குற்றம் மட்டும் பழைய பொருள், வெறும் குறை.

பழைய தமிழில் இந்த எல்லைகள் வேறு. பூம்புகாரில் தொடங்கும் சிலப்பதிகாரத்தில், கோவலனைக் கொன்றது தன் பிழை என்று தெரிந்ததும் பாண்டியன் 'என்முதல் பிழைத்தது, கெடுக என் ஆயுள்' என்று விழுகிறான். பிழை ஆள் மேல் உட்காராது என்று மேலே சொன்னேனே, அது இன்றைய பேச்சுக்குத்தான். அவன் தன் மேலேயே ஏற்றிக்கொண்டான்.

ராங், மிஸ்டேக், எரர் எல்லாம் எங்கே பொருந்துகின்றன?

தமிழுக்குள் வந்ததும் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டன. மிஸ்டேக் எடை குறைந்தது, 'சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சு' என்றால் உரிமையோடு மழுப்புகிறார் என்று அர்த்தம். ராங் அதற்கு நேரெதிர். ராங் நம்பர், ராங் சைடு வரைக்கும் சாது. 'ராங்கா பேசாத' என்றால் சட்டைக் கையை மடிக்கிறார்கள். எரர் மனுஷனுக்குக் கிடையாது, மிஷினுக்கு மட்டும். இ-சேவை மையத்தில் விரலை நாலு தடவை வைத்தும் ரேகை ஏறாவிட்டால் 'எரர் காட்டுது, நாளைக்கு வாங்க' என்பார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைப் பற்றிய செய்தி அதில் இருக்காது.

மோட்டார் நின்றால் கோளாறு, கால் மடங்கினால் பிசகு. கணக்கும் சில சமயம் பிசகும்.

இலக்கணத்தில் வழு என்கிறார்களே?

இலக்கணத்துக்குப் பிழையின் பெயர் வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு இடத்தில் வழுவலாம் என்கிறது நன்னூல். இப்போது கணினிக்காரர்கள் நிரலில் வரும் சிக்கலுக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், நல்ல தேர்வு.

எனக்குப் பிடித்தது வழுவமைதி. பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் போகட்டும் என்று இலக்கணமே விடுவது. பசு அஃறிணை, 'வந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசுவைப் பார்த்து "லட்சுமி வந்துட்டா" என்று எங்கள் வீட்டில் சொன்னால் அது திணை வழுவமைதி. அன்பு காரணம்.

தப்பாட்டத்தில் வரும் தப்பும் இதுதானா?

இல்லை, அது வாத்தியத்தின் பெயர். மற்ற ஊர்களில் பறை என்பதைத் தஞ்சாவூர்ப் பக்கம் தப்பு என்பார்கள். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்த்து, அடிக்குச்சி ஒரு கையிலும் சிண்டுக்குச்சி ஒரு கையிலுமாக இறங்குவார்கள். கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றில் 'தப்பு ஆட்டம்' என்று பிரித்து வந்திருந்தது. சேர்த்துப் போட்டேன். பிரித்தால் ஆட்டமே தப்பாகிவிடும்.

கடல் தாண்டினால் பிழைதான் பேச்சு வழக்காமே?

ஆமாம். கோடியக்கரைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் நாம் தப்பு என்கிற இடமெல்லாம் பிழை. 'அது பிழை', 'என்னில பிழை இல்லை', 'சரி பிழை பாக்கிறது'. நமக்குப் புத்தக வாசனை அடிக்கும் சொல் அவர்களுக்கு அடுப்படிச் சொல்.

பட்டாவிலோ ரேஷன் கார்டிலோ பெயர் மாறியிருந்தால் மனுவில் எந்தச் சொல்லைப் போடுவது?

கலியபெருமாள் என்று எங்கள் பக்கம் தெருவுக்கு மூன்று பேர் இருப்பார்கள். மூன்று பேரில் ஒருவர் ஏதாவதோர் ஆவணத்தில் 'களியபெருமாள்' ஆகியிருப்பார். மனுவில் தப்பு என்று எழுதாதீர்கள். எழுதினால் யார் மேல் என்ற கேள்வி வரும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம் மாறும். இப்படிப் போடுங்கள்: 'எனது பெயர் கலியபெருமாள். ஆவணத்தில் களியபெருமாள் எனத் தவறுதலாகப் பதிவாகியுள்ளது. இவ்வெழுத்துப்பிழையைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' பதிவாகியுள்ளது என்றுதான் இருக்க வேண்டும், பதிவு செய்துள்ளீர்கள் என்று வேண்டாம். கூடவே சரியான பெயர் உள்ள பழைய ஆவணம் ஒன்றின் நகலை இணையுங்கள். மனுவை அச்சில் கொடுப்பதானால், கொடுக்கும் முன் அந்த 'லி' ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒருவர் திருத்த மனுவிலேயே மறுபடியும் 'ளி' போட்டுக் கொண்டுபோய்த் திரும்பி வந்தார்.